டிரங்குப் பெட்டியில் கிடக்கும் மெடிக்கல் போர்டு பேப்பரை வெளியே எடுங்க!

உங்க வீட்டுல அப்பாவோ சித்தப்பாவோ பட்டாளத்துல இருந்து முழங்கால் வலியோட, காது மந்தத்தோட, பிரஷர் மாத்திரையோட திரும்பி வந்தவரா? 'வயசானா வர்றதுதானே' என்று விட்டிருப்பீர்கள். வருசநாடு மாதிரி மலையடிவார ஊர்களில் பென்ஷன் மாதாமாதம் வந்துவிட்டால், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்த வலிக்கும் அரசாங்கத்திடம் ஒரு கணக்கு உண்டு. அதுதான் டிஸெபிலிட்டி பென்ஷன்.

இதில் இரண்டு பகுதி. ஒன்று, சர்வீஸுக்கானது. வழக்கமாக ஜவானுக்குப் பென்ஷன் கிடைக்க 15 வருஷ சர்வீஸ் வேண்டும். பணியால் வந்த பாதிப்புக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. இன்னொன்று, பாதிப்புக்கானது. நூறு சதவிகிதப் பாதிப்பு என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். குறைந்தால் அதற்கேற்ப குறையும். போர்க்காயத்துக்குத் தனிக் கணக்கு, தொகையும் அதிகம்.

ஒரு உதாரணம். கடைசிச் சம்பளம் 30,000 ரூபாய், பாதிப்பு 30 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவிகிதத்துக்கு 9,000 ரூபாய். அதில் 30 சதவிகிதம் 2,700. இங்கேதான் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 20 முதல் 49 வரையிலான பாதிப்பை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் அவருக்கு 4,500. அகவிலைப்படி தனி. பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகை, சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, எங்கே மாட்டுகிறது? மெடிக்கல் போர்டு எழுதும் ஒரே ஒரு வரியில். 'பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதுமல்ல' என்று எழுதிவிட்டால் பாதிப்புக்கான தொகை கிடையாது. தர்மவீர் சிங் என்ற சிப்பாய்க்கு அதுதான் நடந்தது. 1985-ல் சேர்ந்தவரை 1994-ல் வலிப்பு நோய் என்று அனுப்பினார்கள், 'உடல்வாகு' என்று காரணம் எழுதி. 2013-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்ட வேண்டியது ராணுவம்தான். எனக்கு இது மிக நியாயமான தீர்ப்பாகத் தெரிகிறது. ஆரோக்கியமானவன் என்று பார்த்துத்தானே எடுத்தார்கள்!

ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள். பெயர்கூட மாறியிருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகும் இல்லை என்றால், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. அதற்கு முன்னால் தேனியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். போய் வரவே ஒரு நாள் ஓடிவிடும் என்பதால் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், மெடிக்கல் போர்டு நகல் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்க. நகல் இல்லையா? அவருடைய ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ராணுவ எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.