குறைமாதக் குழந்தையின் மூச்சுத்திணறலுக்கு அக்குபிரஷர் உதவுமா?



குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் தவிக்கும் குழந்தைக்கு அக்குபிரஷர் செய்யலாமா என்று நம் ஜமாஅத்தில் சிலர் கேட்கிறார்கள். பிள்ளைக்காக எதையாவது செய்யத் துடிப்பது பெற்ற மனம். ஆனால் அறிந்து செய்வதே நன்மை.

37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைப்பிரசவம். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது 'சர்ஃபாக்டன்ட்' என்ற பொருள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதிய அளவு சுரக்கும். கை, கால் புள்ளிகளை அழுத்துவதால் அது சுரக்காது. ஆக்சிஜன், மூக்கின் வழியே தொடர்ந்து செலுத்தும் காற்று, தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் மருந்து ஆகியவையே இதற்குச் சிகிச்சை. இக்குழந்தைகளின் தோலும் மிக மெல்லியது. அதிகம் தொட்டாலே சில குழந்தைகளுக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிவிடும்.

அப்படியானால் நம் கைக்கு வேலையே இல்லையா? உண்டு. தாயின் வெற்று மார்பில் குழந்தையை அணைத்து வைக்கும் 'கங்காரு பராமரிப்பு' 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற ஆய்வு 2021இல் வெளியானது. உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், மருத்துவர் கண்காணிப்பில் பிறந்தவுடனே இதைத் தொடங்கியபோது, 1.8 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளின் இறப்பு நூற்றுக்குச் சுமார் 16இலிருந்து 12ஆகக் குறைந்தது. தந்தை, நானி, தாதியும் அணைத்து வைக்கலாம். எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், முனகல், உதடு நீலமாதல், பால் குடிக்காமை, மூச்சு நின்று நின்று வருதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் சில்லா முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கதகதப்பாகக் கொண்டு செல்லுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி நம் பக்கத்துப் போலுப்பள்ளியில்தான் இருக்கிறது. நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம்.

பாங்கு சொல்வதை செவிலியரிடம் கேட்டு மெல்லிய குரலில் சொல்லலாம். தஹ்னீக்கை மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிவையுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல். மருத்துவமும் துஆவும் சேர்ந்தே நடக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியம் தருவானாக. ஆமீன்.