காத்த மருந்தும் எஞ்சிய நஞ்சும்

1953-இல் தொடங்கிய மலேரியாத் தடுப்புத் திட்டத்தின்கீழ், நம் நாட்டுக் கிராமங்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. ஆண்டுக்கு 7½ கோடி எனக் கணக்கிடப்பட்ட நோயாளர் தொகை, 1965-இல் ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. அந்நன்மையை நாம் மறத்தலாகாது.

ஆயினும், வயல்களிலும் தாராளமாகத் தூவப்பட்ட அம்மருந்து எளிதில் சிதைவதில்லை. பல்லாண்டுகள் மண்ணில் தங்குகிறது. மழைநீரோடு ஓடி, கோவளத்தருகே கடல் சேரும் முட்டுக்காட்டுக் கழி போன்ற நீர்நிலைகளின் சேற்றில் அது படியக்கூடும். சிறுமீன், பெருமீன், மனிதர் எனப் படிப்படியாகக் கொழுப்பில் சேர்ந்து பெருகுகிறது, தாய்ப்பாலிலும் கலக்கிறது. ஆதலின் 1989-இல் உழவுத் தொழிலில் அது தடை செய்யப்பட்டது.

பரணில் பழைய பூச்சிமருந்து இருப்பின், கிணற்றிலோ கழியிலோ கொட்டாது வேளாண்மை அலுவலரிடம் தெரிவிப்போமாக. அதன் டப்பாவில் குடிநீர் வைத்தல் கூடவே கூடாது.