வீட்டுக்குப் போன பிறகு யாரைக் கேட்பது?

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மெடிகேர் என்று பெயர். அதன் பில்களை அலசிய ஓர் ஆய்வு 2009-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாட்களுக்குள் மறுபடியும் அட்மிட் ஆகியிருந்தார். இன்னொரு கணக்கு இதைவிடத் திடுக்கிட வைத்தது. நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு போய், ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தவர்களில் பாதிப் பேருக்கு, இடைப்பட்ட நாட்களில் எந்த டாக்டரையும் கிளினிக்கில் போய்ப் பார்த்ததற்கான பில்லே இல்லை.

இவர்களை அலட்சியக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு இதயத்துக்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர். மூவரும் தனித்தனியாக மருந்துச் சீட்டு எழுதுகிறார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுமதி தருகிறது, இன்னொன்றுக்கு மறுக்கிறது. வீட்டில் இருப்பதோ, அதே வயதில் முட்டிவலியோடு நடமாடும் மனைவி. இத்தனையையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்தான் கேஸ் மேனேஜர்.

எங்கிருந்து வந்தது இந்த வேலை?

பதவியின் பெயர் புதிது; வேலை பழையது. 1893-இல் லில்லியன் வால்ட் என்ற நர்ஸ், நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த குடியேறிகளின் வீடுகளுக்கு மாடி மாடியாக ஏறிப்போய் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் என்ற சேவை மையம். 1895-இல் லண்டனின் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி, நோயாளிகளின் குடும்ப நிலையை விசாரித்து உதவி ஏற்பாடு செய்ய மேரி ஸ்டூவர்ட்டை நியமித்தது. 1905-இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சமூகப் பணித் துறை தொடங்கியது. இந்தியாவில் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் 1946-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார்.

1960, 70-களில் அமெரிக்காவின் பெரிய மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை ஊருக்குள் அனுப்பத் தொடங்கின. வார்டில் இருந்தவரை படுக்கை, சாப்பாடு, மாத்திரை மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. வெளியே வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒரு வரிசை, ஒரு விண்ணப்பம். அலைந்து சேர்த்துக்கொடுக்க ஓர் ஆள் இல்லாமல் முடியாது என்று புரிந்தபோதுதான் கேஸ் மேனேஜர் தனிப் பதவியாக உருவெடுத்தார். 1990-இல் அவர்களுக்கென அமெரிக்கக் கேஸ் மேனேஜ்மென்ட் சங்கம் தோன்றியது. 2012 அக்டோபர் முதல், இதயச் செயலிழப்பு, மாரடைப்பு, நிமோனியா நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பி வரும் ஆஸ்பத்திரிகளின் கட்டணத்தில் மெடிகேர் பிடித்தம் செய்ய ஆரம்பித்தது. அதன்பின் கேஸ் மேனேஜர்களுக்கு ஏகக் கிராக்கி.

சாப்பாட்டு மேஜையில் ஒரு தணிக்கை

இதயச் செயலிழப்பு நோயாளி வீடு திரும்பிய ஓரிரு நாளில் கேஸ் மேனேஜர் அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேட்பது, “வீட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வையுங்கள்.” புதுச் சீட்டில் இருப்பவை மட்டும் போதாது, அலமாரியில் கிடக்கும் பழைய டப்பாக்கள், கைவைத்திய மருந்துகள், சத்து மாத்திரைகள் எல்லாம் வரவேண்டும். லாசிக்ஸ் என்ற பெயரில் பழைய டப்பா ஒன்று இருக்கும். ஃபியூரோசமைடு என்ற பெயரில் புது டப்பா ஒன்று வந்திருக்கும். இரண்டும் ஒரே மருந்து. நோயாளி இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் வற்றி, மயங்கி விழுந்து, மறுபடியும் ஆம்புலன்ஸ்தான்.

அடுத்தது எடை பார்க்கும் கருவி. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் அது சதை இல்லை, தேங்கும் நீர். மூச்சுத் திணறும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். பிறகு சமையலறை. அமெரிக்க வீடுகளில் டின்னில் அடைத்த சூப்பில்தான் உப்பு ஒளிந்திருக்கும். நம் வீடாக இருந்தால் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும்.

சொல்லி முடித்ததும் “புரிந்ததா?” என்று கேட்கக் கூடாது என்பது இவர்களின் பயிற்சியில் முக்கியமான பாடம். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று யாருமே பதில் சொல்வதில்லை. “எடை ஏறினால் என்ன செய்வீர்கள், யாருக்குப் போன் பண்ணுவீர்கள், நீங்களே சொல்லுங்கள்” என்று நோயாளியின் வாயால் வரவழைக்க வேண்டும். பதிலில் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கிருந்து மறுபடி விளக்க வேண்டும்.

யார் ஆகலாம்? என்ன பயிற்சி?

அமெரிக்காவில் இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அனுபவமுள்ள நர்ஸுகள். அடுத்த இடம் சமூகப் பணி படித்தவர்களுக்கு. பரவலாக மதிக்கப்படும் சான்றிதழ் சி.சி.எம். இதைப் பெற மருத்துவம் அல்லது சமூகநலம் சார்ந்த உரிமமோ பட்டமோ இருக்க வேண்டும். அதற்கு மேல் களத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்: சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் என்றால் 12 மாதம், இல்லையென்றால் 24 மாதம். தேர்வில் 180 கேள்விகள், அவற்றில் 150-க்கு மட்டுமே மதிப்பெண். தேறிவிட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லுபடியாகும் என்ற பேச்சில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை 80 மணி நேரத் தொடர்கல்வி முடித்துப் புதுப்பிக்கலாம். இல்லையென்றால் மீண்டும் தேர்வெழுத வேண்டும்.

பாடத்தில் நோய்கள் ஒரு பகுதிதான். காப்பீட்டு விதிகள், மறுக்கப்பட்ட அனுமதிக்கு மேல்முறையீடு, மறுவாழ்வுச் சிகிச்சை, நோயாளியின் ரகசியம் காப்பது, செலவுக் கணக்கு, சட்டம், அறநெறி எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரி சம்பளம் கொடுக்கிறது, படுக்கை சீக்கிரம் காலியாக வேண்டும் என்கிறது. நோயாளியோ இன்னும் நடக்கக்கூடத் தெம்பில்லை என்கிறார். இந்த இழுபறியில் யார் பக்கம் நிற்பது என்பது தினசரிப் பிரச்சினை என்பதால் அறநெறிக்குத் தனி இடம்.

நம் ஊரில் இதற்கு மிக அருகில் வரும் படிப்பு சமூகப் பணி முதுகலை. அதில் மருத்துவம் மற்றும் மனநலச் சமூகப் பணி ஒரு சிறப்புப் பாடம். 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி இத்துறையின் மூத்த நிறுவனங்களில் ஒன்று.

ஆற்றின் இரு கரைகள்

கேஸ் மேனேஜர்களால் உண்மையிலேயே பலன் உண்டா? டெலவேர் ஆற்றின் இரு கரைகளில் நடந்த இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

மேற்குக் கரையில் பிலடெல்பியா. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேரி நெய்லர் குழு, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 363 நோயாளிகளை இரு பிரிவாகக் குலுக்கிப் பிரித்தது. ஒரு பிரிவினரை உயர்பயிற்சி பெற்ற நர்ஸ் ஆஸ்பத்திரியிலேயே சந்தித்து, வீடு போன பின்னும் நான்கு வாரம் தொடர்ந்தார். 24 வாரங்களுக்குள் அந்தப் பிரிவில் திரும்பி அட்மிட் ஆனவர்கள் 20 சதவீதம். மற்றவர்களில் 37 சதவீதம். 1999-இல் வெளியான முடிவு இது.

கிழக்குக் கரையில் கேம்டன், அமெரிக்காவின் ஏழை நகரங்களில் ஒன்று. அங்கே டாக்டர் ஜெஃப்ரி பிரென்னர் தொடங்கிய கூட்டமைப்பு, அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளைத் தேடிப் பிடித்து நர்ஸ், சமூகப் பணியாளர் குழுவை அனுப்பியது. நாடே புகழ்ந்தது. 800 பேரை வைத்து முறையாகச் சோதித்தபோது, 180 நாட்களுக்குள் திரும்பி வந்தவர்கள் குழு கவனித்த பிரிவில் 62.3 சதவீதம், கவனிக்காத பிரிவில் 61.7 சதவீதம். 2020-இல் இது வெளியானபோது பலருக்கு அதிர்ச்சி. கவனித்த பிரிவை மட்டும் தனியாக முன்பு-பின்பு பார்த்திருந்தால் அட்மிஷன் நன்றாகக் குறைந்ததாகவே தெரிந்திருக்கும்; கவனிக்காதவர்களுக்கும் அதே அளவு குறைந்தது என்பதுதான் உண்மை. மிக மோசமான கட்டத்தில் இருப்பவர்கள் கொஞ்ச நாளில் தாமாகவே சற்றுத் தேறுவது இயல்பு.

வித்தியாசம் எங்கே? கேம்டன் நோயாளிகளில் பலருக்கு நிலையான வீடில்லை. போதைப் பழக்கமும் மனநோயும் கூடவே இருந்தன. குறித்த நாளுக்குள் வீட்டுச் சந்திப்பு, டாக்டர் சந்திப்பு இரண்டையும் முடிக்க முடிந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே. கேஸ் மேனேஜர் வழிகாட்டலாம். போய்ச் சேர வீடும் டாக்டரும் இருந்தால்தான் அந்த வழி பயன்படும்.

காஞ்சிபுரம் சொல்வது

நம் பக்கத்திலும் ஒரு சான்று இருக்கிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு பங்கேற்ற ஆய்வு ஒன்று காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் நடந்தது. மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டரின் மேற்பார்வையில் வீடுகளுக்கு அனுப்பினார்கள். மாத்திரையை விடாமல் எடுக்க வைப்பது, குடும்பத்துக்கு நோயை விளக்குவது, வேலைக்குத் திரும்ப உதவுவது, சலுகைகளுக்கு விண்ணப்பிப்பது அவர்கள் பொறுப்பு. ஓராண்டு முடிவில் அறிகுறிகளும் முடக்கமும் ஓரளவு குறைந்திருந்தன. பலன் அதிகம் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமங்களில். ‘லான்செட்’ இதழில் 2014-இல் இது வெளியானது.

டிஸ்சார்ஜ் நாளில் கேட்க வேண்டியவை

கேஸ் மேனேஜர் இல்லாத ஆஸ்பத்திரியில், குடும்பத்தில் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை இவை:

ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும்? புது மாத்திரையும் பழைய மாத்திரையும் பெயர் மட்டும் மாறிய ஒரே மருந்தா?

எந்த அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும்? ராத்திரியில் யாருக்குப் போன் செய்வது?

ரிசல்ட் வராத பரிசோதனை ஏதாவது இருக்கிறதா? அடுத்து எந்தத் தேதியில், எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு நகல் எடுத்து, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அந்த வாரமே காட்டிவிட வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரிப்பது நல்லது. காப்பீடு, உதவித்தொகை பற்றி அவரிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டு எண்களையும் அந்தத் தாளிலேயே எழுதி, மாத்திரை டப்பா இருக்கும் இடத்தில் ஒட்டி வைக்கலாம்.