கை போனால் வேலையும் போகவேண்டுமா?

ஒரு தேசம் கைத்தொழிலில் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதை அறிய ஏற்றுமதிக் கணக்கைப் பார்ப்போர் உண்டு. புகைபோக்கிகளை எண்ணுவோரும் உண்டு. மாலையில் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறவனுடைய கைகளில், காலையில் கொண்டுபோன பத்து விரல்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அந்தக் கணக்கே முதற்கணக்கு என்பது நமது அபிப்பிராயம்.

சென்னைக்கு மேற்கே, போரூரிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் பெருஞ்சாலையில் காட்டுப்பாக்கம் இருக்கிறது. பெயரில் காடு இருக்கிறதேயொழிய ஊரில் இப்போது வீடுகளே நிறைந்திருக்கின்றன. வடக்கே அம்பத்தூரும் ஆவடியும், தெற்கே திருமுடிவாக்கம், மேற்கே திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று நாற்புறமும் தொழிற்பேட்டைகள். அம்பத்தூர்ப் பேட்டை 1960-களில் எழுந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் கம்பெனி 1998-ம் வருஷத்தில் கார் செய்யத் தொடங்கியது. பொழுது புலருமுன்னே இச்சாலையோரங்களில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் ஆண்களும் பெண்களுமே இந்தப் பிரதேசத்தின் செல்வத்தை உண்டாக்குகிறவர்கள். அவர்களுடைய தேகத்திற்குச் சர்க்கார் என்ன காப்பு அளித்திருக்கிறது என்பதை விசாரிப்பது நமது கடமை.

விரலைத் தின்னும் யந்திரம்

பெரிய கம்பெனியின் முற்றத்தில் புல்தரை பச்சென்றிருக்கும். பாதுகாப்பு வாசகங்கள் சுவர்தோறும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஒரு காரின் பாகங்கள் எல்லாம் அந்த ஒரே கூரையின்கீழ் உண்டாவதில்லை. கீல், பட்டை, வளையம் முதலிய சிறு உறுப்புகள் பேட்டைகளின் சந்துகளிலுள்ள சிறு பட்டறைகளில் உருவாகின்றன. தகட்டை வெட்டவும் வளைக்கவும் அங்கே உபயோகப்படும் யந்திரம் பவர் பிரஸ். தொழிலாளி தகட்டைக் கையால் அச்சின்கீழ் வைத்துக் காலால் பெடலை மிதிக்கிறான். மேலிருந்து இரும்பு இறங்கி ஏறுகிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை இதையே செய்யவேண்டும். அத்தனை தடவையில் ஒரு தடவை கை வெளிவருமுன் இரும்பு இறங்கிவிட்டால் தீர்ந்தது கதை. விபத்து நேர்ந்ததும், “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடுவது நெடுநாளைய வழக்கம்.

யந்திரத்துக்கு முன் பத்து மணி நேரம் நிற்பவனுடைய கவனம் ஒருகணம் தவறத்தான் செய்யும். அது மனித சுபாவம். தவறினாலும் விரல் போகாதபடி யந்திரத்தை அமைக்க வழியுண்டு. இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஏககாலத்தில் அழுத்தினாலன்றி இரும்பு இறங்காதபடி செய்யலாம். கை குறுக்கிட்டால் உடனே நின்றுவிடும் ஒளித்திரையை மாட்டலாம். ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமும் கட்டளையிட்டது. இருந்தும் தடுப்பைக் கழற்றி வைப்பது ஏன்? தடுப்பு இருந்தால் மணிக்கு இத்தனை உருப்படி குறையும் என்பதுதான் காரணம். விரலின் விலையை விட உருப்படியின் விலை அதிகமென்று யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள். அத்தீர்மானத்தில் விரலுக்கு உடையவனுக்கு வாக்குரிமை இல்லை.

பழைய சட்டமும் புதிய சட்டமும்

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ம் வருஷத்தில் பிறந்தது. வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு தரும் சட்டம் 1923-ல் வந்தது. சுதந்திரம் பெற்ற மறுவருஷமே, 1948-ல், தொழிற்சாலைச் சட்டமும் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டமும் இயற்றப்பட்டன. அரசியல் சட்டத்தின் 42-வது பிரிவு நீதியும் மனிதத்தன்மையும் பொருந்திய வேலை நிலைமைகளை உண்டாக்குவதையும், 41-வது பிரிவு நோய், முதுமை, ஊனம் ஆகியவற்றில் உதவி அளிப்பதையும் ராஜ்யத்தின் கடமைகளாக விதித்தன. இந்தப் பழைய சட்டங்களைத் தொகுத்து 2020-ல் செய்யப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தன.

புதிய தொகுப்பில் நன்மையே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பொதுவாக முன்பு கட்டாயமாயிருந்த பாதுகாப்பு அதிகாரி, இனி 500 பேர் உள்ள இடத்திலும் இருக்கவேண்டும். வருஷந்தோறும் இலவச வைத்தியப் பரிசோதனைக்கும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தருவதற்கும் விதி செய்யப்பட்டிருக்கிறது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் ஒரு கையால் கொடுத்ததை மற்றொரு கையால் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்பது முன்னைய வரையறை; இப்போது 20 பேர் வேண்டும். பத்துப் பேருக்கு மேற்பட்ட ஸ்தாபனங்களுக்குப் பொதுவான கடமைகள் உண்டென்பது மெய்யே. எனினும், பன்னிரண்டு பேரும் மூன்று பவர் பிரஸ்களும் உள்ள பட்டறை ‘தொழிற்சாலை’ என்னும் பெயரையே இழந்துவிட்டது. ஆட்களின் தொகை குறைந்ததால் யந்திரத்தின் பல் கூர்மை மழுங்கிவிடுமா? விரல்கள் அதிகமாகப் போகும் இடம் எதுவோ, அந்த இடத்திலேயே சட்டத்தின் கண் மங்குவது விபரீதமல்லவா?

14 சதவீத விரல்

அடிபட்டவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வோர் அங்கத்திற்கும் சம்பாதிக்கும் சக்தியின் சதவீதம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14; நடுவிரலுக்கு 12; கட்டைவிரலுக்கு 30; ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இன்ஷூரன்ஸ் திட்டத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி பெற்றவன் ஆள்காட்டி விரலை இழந்ததாக வைத்துக்கொள்வோம். கூலியில் 90 சதவீதம் 450 ரூபாய். அதில் 14 சதவீதம் 63 ரூபாய். இந்தத் தொகை ஆயுள் முழுதும் அவனுக்குக் கிடைக்கும். இது சிறந்த ஏற்பாடே. இதைப் பெற்றுத் தந்தவர்கள் போற்றுதலுக்குரியவர்கள்.

ஆனால் இக்கணக்கில் மறைந்திருக்கும் ஓர் அனுமானத்தைக் கவனிக்கவேண்டும். பாக்கி 86 சதவீத சக்தியைக்கொண்டு அவன் வேலை செய்து சம்பாதிப்பான் என்பதே அந்த அனுமானம். எங்கே சம்பாதிப்பான்? பிரஸ் ஓட்டுபவனுக்குக் கையின் பிடியே மூலதனம். பிடி தளர்ந்தவனை அந்தப் பட்டறையிலும் வைத்துக்கொள்வதில்லை, அடுத்த பட்டறையிலும் சேர்ப்பதில்லை என்றால், அட்டவணை 14 என்று சொன்னாலும் வாழ்க்கை 100 என்று சொல்லிவிடுகிறது. இந்த உண்மையைச் சுப்ரீம் கோர்ட்டு 1975-லேயே கண்டது. முழங்கைக்கு மேலே இடது கை துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவருடைய வழக்கில், ஒரு கையோடு தச்சுவேலை செய்ய முடியாதாகையால் அவருக்கு நேர்ந்தது முழு ஊனமே என்று அது தீர்ப்பளித்தது. ஆயினும், கோர்ட்டு வரை போகத்தக்க தச்சர்கள் எத்தனை பேர்?

ஒரு கண்ணில் வெண்ணெய்

பணம் அவசியமே, வேலை அதனினும் அவசியம். இவ்விஷயத்தில் சட்டம் ஒரு கண்ணில் வெண்ணெயும் மற்றொரு கண்ணில் சுண்ணாம்பும் வைத்திருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, சர்க்கார் ஸ்தாபனத்தில் வேலையிலிருக்கும்போது ஊனமடைந்தவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. அவரால் பழைய வேலை இயலாதென்றால், அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். அதற்கும் இடமில்லையென்றால், அவருக்கெனவே ஓர் இடத்தை உண்டாக்கவேண்டும். இதற்கு முந்திய 1995-ம் வருஷத்துச் சட்டத்திலும் இத்தகைய விதி இருந்தது. காலை இழந்த கான்ஸ்டேபிள் ஒருவருக்கு அதன்படி 2003-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதி கிடைத்தது.

கான்ஸ்டேபிளின் கால் கால் என்றால், பட்டறைத் தொழிலாளியின் கை கையல்லவா? தனியார் தொழிற்சாலைக்கு இவ்விதி கிடையாது. கான்ட்ராக்ட் ஆளாயிருந்தால் நீக்கும் உத்தரவுகூட வேண்டுவதில்லை. “நாளை முதல் வரவேண்டாம்” என்ற வாய்ச்சொல்லே போதும். இதனால் தொழிற்சாலை ஒரு வாசல் வழியே ஊனமில்லாதவனை உள்ளே அழைத்து, மற்றொரு வாசல் வழியே ஊனமுற்றவனை வெளியே அனுப்புகிறது.

வெளியே நிற்போர்

காட்டுப்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான சர்க்கார் பள்ளி நெடுங்காலமாக நடந்து வருகிறது. பார்வைக் குறையுடையோருக்கான தேசிய நிலையத்தின் பிராந்திய மையமும் அவ்வூரிலேயே இருக்கிறது. கிண்டியில் தொழிற்பயிற்சி அளித்து வேலைக்கு வழிகாட்டும் மத்திய சர்க்கார் நிலையம் உண்டு. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். சர்க்கார் உத்தியோகத்தில் இவர்களுக்கு 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. தனியார் முதலாளிகளுக்கோ, 5 சதவீதம் சேர்த்தால் சலுகை தரலாம் என்ற ஆசை வார்த்தை மட்டுமே. ஒவ்வொரு ஸ்தாபனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடவேண்டும் என்ற விதி இருக்கிறது. பேட்டைகளின் எத்தனை வாசல்களில் அது ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை வாசகர்களே போய்ப் பார்க்கலாம்.

இவர்களைச் சேர்க்காததற்குச் சொல்லும் காரணம் விசித்திரமானது. “எங்கள் இடம் ஆபத்தானது, அவர்கள் நன்மைக்காகவே மறுக்கிறோம்” என்கிறார்கள். காது கேளாதவனுக்கு அபாயமணி கேட்காது என்பது ஆட்சேபம். நல்லது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெலே சத்தத்தின் எல்லை. அதையும் மீறி யந்திரங்கள் முழங்கும் கூடத்தில் காதுறை மாட்டி நிற்பவனுக்கு மட்டும் மணி கேட்குமா? அங்கே பளிச்சிடும் விளக்கு ஒன்று வேண்டும். அது இருவருக்கும் உயிர் காக்கும். சக்கர நாற்காலிக்காகச் சரிவுப் பாதை அமைத்தால் பாரவண்டி தள்ளுபவன் இடுப்பும் தப்பும். ஒற்றைக் கையன் நிற்கக்கூடிய அளவு பத்திரமான பட்டறையில் இரட்டைக் கையனும் ஒற்றைக் கையனாக மாட்டான். மாற்றுத் திறனாளிக்கு ஆபத்தான இடம் எல்லோருக்குமே ஆபத்தான இடந்தான். மற்றவர்களுக்கு இன்னும் முறை வரவில்லை, அவ்வளவே.

மேலும், காது போவது ஒருநாளில் நடப்பதில்லை. இரைச்சலால் உண்டாகும் செவிட்டுத்தன்மை நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோய் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் இரத்தம் சிந்தாத விபத்துக்குச் சாட்சியில்லை. வேலையில் சேரும் நாளில் காதைச் சோதித்து எழுதி வைத்திருந்தாலன்றி, இருபது வருஷத்துக்குப் பின் அதை நிரூபிப்பது எங்ஙனம்?

செய்யவேண்டியது

சிறு முதலாளிகளுக்குச் சக்தியில்லை என்பார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆகையால் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். பழைய பிரஸ்களுக்குத் தடுப்பு மாட்டும் செலவில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்கட்டும். உதிரி பாகம் வாங்கும் பெரிய கம்பெனி தரத்தையும் விலையையும் சோதிப்பதுபோலத் தடுப்பையும் சோதித்தே ஆர்டர் கொடுக்கட்டும். ஆட்களின் தொகை எதுவானாலும், பவர் பிரஸ் உள்ள இடமெல்லாம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் சோதனைக்கு உட்படட்டும். பேட்டைவாரியாக விபத்துக் கணக்கு வெளிவரட்டும். அடிபட்டவர் ஒரு வருஷத்துக்குப் பின் வேலையில் இருக்கிறாரா என்பதும் அதில் ஒரு பத்தியாக இருக்கட்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, 20-வது பிரிவின் காப்பு தனியார் ஸ்தாபனங்களுக்கும் நீட்டிக்கப்படவேண்டும். வேறு வேலை பழகும் காலத்துச் சம்பளத்தை இன்ஷூரன்ஸ் நிதி பகிர்ந்துகொண்டால் முதலாளிக்கு நஷ்டமில்லை. விரலை இழந்த அனுபவஸ்தன் பண்டசாலையைக் கவனிக்கலாம், தரம் பார்க்கலாம், புதிதாக வந்த இளைஞனுக்குப் பாதுகாப்பைக் கற்பிக்கலாம். அவனைவிடச் சிறந்த ஆசிரியன் அப்பாடத்துக்கு யார்?

சட்டத்தை மாற்றும் அதிகாரம் டில்லியில் இருக்கிறதென்று சென்னை சும்மா இருக்கவேண்டியதில்லை. கடைகளில் நின்றே உழைத்த ஊழியர்களுக்கு உட்கார இடம் தரவேண்டுமென்று 2021-ல் சட்டம் செய்தது நமது சட்டசபையே. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றி, ஜனங்களின் எதிர்ப்பைக் கண்டு அதை வாபஸ் வாங்கியதும் இதே மாநில சர்க்கார்தான். ஜனங்கள் வற்புறுத்தினால் சர்க்கார் செவிசாய்க்கும் என்பதற்கு இவை அத்தாட்சி.

உழைப்பவன் தன் கையைத் தேசத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறானேயன்றி விற்றுவிடவில்லை. கையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது வாங்கியவர் பொறுப்பு. கொடுக்க முடியாமற்போனால், மிச்சமுள்ள கைக்கு வேலை கொடுப்பதாவது அவர் கடமை. இதை தர்மமென்று கேட்கவில்லை; கடனென்று கேட்கிறோம்.