வட்டத்தை வட்டம் விழுங்கினால்

வட்டம் என்றாலே நமக்கெல்லாம் ஒரு அலட்சியம். பரப்புக்கு ஒரு சூத்திரம், சுற்றளவுக்கு ஒரு சூத்திரம், அவ்வளவுதானே என்று பள்ளியிலேயே முடித்துவிட்டோம். ஆனால் ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் ஏறி உட்கார்ந்துகொண்டால்? இரண்டுக்கும் பொதுவாக நடுவில் கண் மாதிரி ஒரு துண்டு விழுகிறதே, அதன் பரப்பு எவ்வளவு? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சாக்பீஸ் கோட்டிலிருந்து வந்தது.

நம் ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் தாய்மாமா சில்லறையாகத் தோல் வாங்கி விற்பவர். மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு, முள் கிழித்த காயம் இதெல்லாம் தோலில் இருந்தால், வாங்குகிறவர் அதைச் சுற்றி வட்டம் போட்டு, அந்தப் பரப்பைக் கழித்துக்கொண்டுதான் காசு கொடுப்பார். ஒருநாள் ஒரு தோலில் இரண்டு தழும்பு பக்கத்தில் பக்கத்தில். ஒரு வட்டம் 30 செ.மீ. விட்டம், இன்னொன்று 26 செ.மீ. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வாங்கியவர் இரண்டு வட்டத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கழித்துவிட்டார். "நடுவுல இருக்குறத ரெண்டு தடவை கழிச்ச மாதிரி இருக்கேடா, அது எவ்ளோ வரும், பாத்துச் சொல்லு" என்றார் மாமா. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் கணக்கு என்றால் என்னிடம்தான் வரும்.

புத்தக வழி இது. முதலில் இரண்டு மையங்களுக்கும் இடையே உள்ள தூரம் வேண்டும். அதை ஒரு பக்கமாகவும், இரண்டு ஆரங்களை மற்ற இரண்டு பக்கங்களாகவும் வைத்து முக்கோணம் போட வேண்டும். ஆனால் தோலில் மையம் எங்கே இருக்கிறது? சாக்பீஸ் வட்டத்துக்கு யாரும் மையப் புள்ளி வைப்பதில்லை. டேப்பை வைத்து அளக்கக் கூடியது மூன்றுதான்: இரண்டு விட்டங்கள், அப்புறம் ஏறிக் கிடக்கும் துண்டின் நடு அகலம். அன்று அந்த அகலம் 14 செ.மீ. இருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த மூன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் விதியை ஆரியபட்டர் கி.பி. 499-லேயே எழுதி வைத்திருக்கிறார். ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் மொத்தம் 33 சுலோகம். அதில் 18-வது இதுதான். அவர் தோலுக்காக எழுதவில்லை, கிரகணத்துக்காக எழுதினார். சந்திர கிரகணம் என்பது பூமி நிழலின் வட்டம் சந்திரனின் வட்டத்தின் மேல் ஏறுவதுதானே! ஏறிய அகலத்துக்கு அவர் வைத்த பெயர் கிராசம், அதாவது விழுங்கியது. இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் பொதுவான நாண் கிடைக்கும். அந்த நாணிலிருந்து வில்லின் நடு வரைக்கும் உள்ள உயரத்துக்குச் சரம் என்று பெயர். சரம் என்றால் அம்பு. வில், நாண், அம்பு, மூன்றும் சரியாகப் பொருந்துகிறது பாருங்கள்.

விதி இப்படிப் போகிறது. ஒவ்வொரு விட்டத்திலிருந்தும் கிராசத்தைக் கழி. 30-லிருந்து 14 போனால் 16. 26-லிருந்து 14 போனால் 12. இரண்டையும் கூட்டினால் 28. இப்போது கிராசத்தை 12-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் 6. இது பெரிய வட்டத்தின் அம்பு. கிராசத்தை 16-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் 8. இது சின்ன வட்டத்தின் அம்பு. மாறி மாறிப் பெருக்க வேண்டும், அதைக் கவனியுங்கள். இரண்டு அம்பையும் கூட்டினால் 14 வருகிறது, கிராசமே திரும்பி வந்துவிட்டது. கணக்கு சரி.

இனி மிச்சமெல்லாம் தானாக வரும். பெரிய வட்டத்தின் ஆரம் 15. அம்பு 6 போனால் 9. மையத்திலிருந்து நாணுக்கு உள்ள தூரம் அதுதான். பிதாகரஸ் போட்டால் பாதி நாண் 12, முழு நாண் 24 செ.மீ. சின்ன வட்டத்தில் ஆரம் 13, அம்பு 8, மீதி 5. அங்கேயும் பாதி நாண் அதே 12. (டேப்பை வைத்து நாணை அளந்து பார்த்தேன், ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை.)

அடுத்து கோணம். 9-ஐ 15-ஆல் வகுத்து, கால்குலேட்டரில் ஷிப்ட் அமுக்கிக் காஸ் தட்டினால் 53.13 டிகிரி. அது பாதிதான், முழுக்கோணம் 106.26. சின்ன வட்டத்தில் 5-ஐ 13-ஆல் வகுத்தால் 67.38, முழுசாக 134.76.

பரப்புக்கு வட்டக்கோணப்பகுதியைக் கண்டுபிடித்து அதிலிருந்து முக்கோணத்தைக் கழித்தால் போதும். பெரிய வட்டத்தில் 208.64-லிருந்து 108 போக 100.64. சின்ன வட்டத்தில் 198.75-லிருந்து 60 போக 138.75. இரண்டு வட்டத்துண்டையும் கூட்டினால் சுமார் 239 ச.செ.மீ. ஒரு சதுர அடி என்பது 929 ச.செ.மீ. ஆக, மாமாவுக்குப் போன தோல் கால் அடிக்கும் கொஞ்சம் மேலே. தனித்தனியாகக் கழித்தால் 1.33 அடி, நியாயமாகக் கழிக்க வேண்டியது 1.07 அடிதான்.

தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வாங்குகிறவர் தாளைப் பார்க்கவில்லையாம். ஆனால் டேப்பை வைத்து 14, 16, 12 என்று மாமா வாயாலேயே சொன்னதும் கால் அடியை விட்டுக்கொடுத்துவிட்டார். காஸ் இன்வர்ஸ் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்!

வாயால் கணக்குப் போடுவதை நாம் லேசாக நினைக்கக் கூடாது. 1825-ல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லியே அந்த வருடம் மே 31 இரவு நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் நாலு நிமிட வித்தியாசம்தான் வந்தது. முடிவு நேரம் மட்டும் 52 நிமிடம் தவறிவிட்டது. இதை வாரன் காலசங்கலிதம் என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

கிரகணம் என்றதும் ஒரு எச்சரிக்கை. சூரியனில் பாதி மறையும் என்று பேப்பரில் போட்டால், அது விட்டத்தில் பாதியா, பரப்பில் பாதியா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. சம அளவுள்ள இரண்டு வட்டங்களில் விட்டத்தின் பாதி வரை ஏறினால், மறையும் பரப்பு நூற்றுக்கு 39 பங்குதான். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் பக்கம் சூரியன் வளையமாகத் தெரிந்தது. நம் ஊரில் பகுதி கிரகணம்தான்.

இன்னொன்று. சின்ன வட்டத்தின் அம்பு அதன் ஆரத்தைவிடப் பெரிதாக வந்தால், நாண் மையத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது சின்ன வட்டத்தின் கோணம் 180-க்கு மேல் போகும், முக்கோணத்தைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு ஆரங்களுக்கும் இடையே உள்ள கோணம் வேண்டுமா? நம் கணக்கில் 36.87-ஐயும் 22.62-ஐயும் கூட்டினால் 59.49 டிகிரி. அதுவே 90 வந்தால் செங்குத்தாக வெட்டும் வட்டங்கள்.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். விட்டம் 26, 40, கிராசம் 12. அம்புகள் 8, 4 என்றும், நாண் 24 என்றும், பரப்பு 204-க்குத் துளி மேலேயும் வர வேண்டும்.