புலி வண்டு ஏன் நின்று நின்று ஓடுகிறது?

காவிரி மணலில் குனிந்து உட்கார்ந்து புலி வண்டுகளைப் பார்ப்பது எனக்குத் தீராத ஆசை. இரையை நோக்கிப் பாயும், சட்டென நிற்கும், மறுபடி பாயும். களைப்பால் அல்ல. ஓடும் வேகத்தில் கண்ணுக்குப் போதிய ஒளி சேராமல் காட்சி கலைந்துவிடுகிறது. நின்றால்தான் இரை எங்கே என்று தெரியும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கோல் கில்பர்ட் ஆராய்ந்து சொன்னது இது. ஓட்டத்தில் தடைகளை உணர்வது முன்னே நீட்டிய உணர்கொம்புகள்தான் என்று 2014-இல் அவரும் டேனியல் சூரெக்கும் காட்டினார்கள்.

எனக்கு அதைவிட வியப்பு அதன் புழுதான். செங்குத்தான வளைக்குள் முதுகுக் கொக்கிகளைச் சுவரில் ஊன்றி, தலையால் வாயிலை அடைத்துக் காத்திருக்கும். எறும்பு நெருங்கினால் கவ்வி உள்ளே இழுத்துவிடும். மணலை அள்ளினால் இந்த வளைகளும் அழியும். ஆற்றங்கரையில் சிறு வட்டத் துளைகளைக் கண்டால், மிதிக்காமல் விலகி நடங்கள்.