வரைந்த வழி வேறு, போன வழி வேறு

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்றனர் எம் முன்னோர். இன்றோ வாயும் வேண்டியதில்லை, கையில் ஒரு தொலைபேசி இருந்தாற் போதும் என்று எண்ணிவிட்டோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதைச் சென்ற ஆண்டு நாம் நடத்திய கல்விச் சுற்றுலா எமக்கு உணர்த்திற்று. மாணாக்கருக்கும், குடும்பத்தோடு தூரப் பயணம் செல்வோருக்கும் பயன்படுமென்று கருதி அதனை இங்கே கூறுகின்றோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து திருக்கேதீச்சரம் செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று, நாவற்குழியிற் பிரிந்து, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரியூடாக மன்னாரை நோக்கிச் செல்லும் ஏ-32 வீதி. 2011ஆம் ஆண்டில் அப்பாலம் திறக்கப்பட்ட பின் இதுவே கிட்டிய வழி. மற்றையது, ஏ-9 வீதியில் ஆனையிறவையும் கிளிநொச்சியையும் கடந்து, மாங்குளத்தில் மேற்கே திரும்பிச் செல்லும் சுற்றுவழி. நாம் வேண்டுமென்றே சுற்றுவழியைத் தேர்ந்தோம். ஆனையிறவு உப்பளத்தைப் பிள்ளைகள் காணவேண்டும் என்பது ஒரு காரணம். கிளிநொச்சியில் எம் பழைய மாணவன் ஒருவனின் தாயார் எம்மவர் நாற்பது பேருக்கும் காலை உணவு தருவதாக ஏற்றிருந்தது மற்றொரு காரணம்.

முதல்நாள் இரவு வீட்டுக் கணினியில் வரைபடச் செயலி ஒன்றைத் திறந்து, வழியைக் காட்டும் கோட்டைப் பிடித்திழுத்து ஏ-9 வீதியில் இருத்தினோம். அதனைச் சாரதியின் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உறங்கினோம். சாரதி மலைநாட்டவர், வடபகுதிக்குப் புதியவர். அவருடைய தொலைபேசியில் இருந்ததோ வேறொரு செயலி.

விடியுமுன் பஸ் புறப்பட்டது. பிள்ளைகளோடு நாமும் கண்ணயர்ந்தோம். விழித்துப் பார்த்தபோது வீதியோரப் பெயர்ப்பலகையில் ‘முழங்காவில்’ என்றிருந்தது. திடுக்கிட்டு, “தம்பி, ஆனையிறவு எங்கே?” என்றோம். “சேர், நீங்கள் அனுப்பிய வழியிலேதான் வருகிறேன்” என்று அவர் தொலைபேசியை நீட்டினார். புறப்பட்ட இடமும் சேரும் இடமும் சரியாகவே இருந்தன. இடையிலிருந்த கோடு மாத்திரம் நாம் வரைந்ததன்று.

பூநகரிக்குத் திரும்பி, பரந்தன் வீதி வழியாகக் கிளிநொச்சியை அடைந்தபோது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திவிட்டது. அந்த அம்மையார் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அவித்த இடியப்பம் ஆறிக் கிடந்தது. அவர் ஒரு சொல்லும் குறை கூறாமல் சொதியை மீண்டும் சூடாக்கிப் பரிமாறினார். அதுவே எம்மைப் பெரிதும் நாணச் செய்தது. உப்பளம் பார்க்கவோ நேரமில்லாது போயிற்று.

பிழை எவருடையது? ஊர் திரும்பியதும் எமது கல்லூரிக் கணினி ஆசிரியரோடு அமர்ந்து ஆராய்ந்தோம். நாம் அனுப்பியது வீதியை அன்று, இரண்டு புள்ளிகளை மாத்திரமே! இடைவழியை அடுத்த செயலி தானே புதிதாகக் கணித்துக்கொண்டது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குறுகிய வழியைக் காணும் கணித முறையொன்றை நெதர்லாந்து நாட்டறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். இன்றைய வழிகாட்டிச் செயலிகள் பலவற்றுக்கும் அத்தகைய கணக்கே அடிப்படை. கணக்குப் பிழைக்கவில்லை, கிட்டிய வழியையே அது காட்டிற்று. ஓர் அம்மையார் எமக்காகக் காத்திருக்கிறார் என்பதை அது எங்ஙனம் அறியும்?

இவ்விடர்ப்பாட்டுக்கு மருந்து இல்லாமலில்லை. ஒரு கருவியிற் குறித்த வழியை மற்றொன்று படிப்பதற்கென ஜி.பி.எக்ஸ். என்னும் பொதுவான கோப்பு முறை 2002இல் வெளிவந்தது. அதில் மூவகைக் குறிப்புகள் அடங்கும். தனி இடங்களைக் குறிப்பது ‘புள்ளி’. செல்லவேண்டிய சில இடங்களை வரிசைப்படுத்திக் கூறுவது ‘வழி’. வீதியின் வளைவு நெளிவுகளையெல்லாம் நெருங்கிய பல புள்ளிகளாகக் கோத்து வைப்பது ‘தடம்’. ‘வழி’யை அனுப்பினால், புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பெறும் செயலி தன் விருப்பப்படி நிரப்பிவிடக்கூடும். ‘தடம்’ அனுப்பினாலோ நாம் வரைந்த கோடு அவ்வாறே போய்ச் சேரும். ஓஸ்மான்ட் போன்ற செயலிகள் அத்தடத்தைப் பின்பற்றி, இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் வழிகாட்ட வல்லன.

கே.எம்.எல். என்று மற்றொரு முறையும் உண்டு. 2008இல் அது சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. புவியியல் பயிலும் மாணாக்கர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் வழக்கமாக அகலக்கோட்டை முன்னும் நெடுங்கோட்டைப் பின்னும் கூறுவோம். கே.எம்.எல். நெடுங்கோட்டையே முதலில் எழுதும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ வட அகலக்கோடு 9.7 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையிலும் உள்ளது. இவ்விரண்டையும் மாற்றி எழுதினால், நோர்வேக்குரிய ஸ்வல்பார்ட் தீவுகளை அடுத்த வடதுருவக் கடலில் நம் நகரம் மிதக்கும்!

ஆதலால் பயணம் செல்வோர் மூன்று காரியங்களை மறவாதிருத்தல் நன்று. விரும்பிய வீதியில் இரண்டொரு இடங்களைத் தரிப்பிடங்களாகக் குறித்தல் வேண்டும். இயலுமாயின் தடமாகவே அனுப்புதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுமுன் வழிகாட்டப் போகும் அந்தத் தொலைபேசியிலேயே கோடு முழுவதையும் விரலால் தொடர்ந்து பார்த்தல் வேண்டும்.

இவ்வாண்டு மீண்டும் அதே பயணம் சென்றோம். தடத்தை அனுப்பியதோடு, சந்திகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சாரதியிடம் கொடுத்து, இவ்வழியால் ஏன் போகிறோம் என்பதையும் சொல்லிவைத்தோம். ஆனையிறவில் பிள்ளைகள் உப்பைக் கையில் அள்ளிப் பார்த்தனர். கிளிநொச்சியில் இடியப்பம் சூடாக இருந்தது. கருவி வழியை அறியும். நாம் அவ்வழியை நாடிய காரணத்தை மனிதருக்கு மனிதரே சொல்லிவைத்தல் வேண்டும்.